கேள்வி நேரம்: துகள்களின் ஆட்டமும் வெப்பநிலையும்

துகள்களின் இயக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வேகங்கள் எல்லாம் 27 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 300 கெல்வினுக்கு உரியவை.

கேள்வி: வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் வேகம்தான் என்று படித்தோம். அப்படியென்றால் ஒரே அறையில் இருக்கும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஒரே வேகத்தில்தானே ஓட வேண்டும்?

பதில்: ஓடாது. வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் போவது வேகம் அல்ல, இயக்க ஆற்றலின் சராசரி. அதிலும் இடம்விட்டு இடம் நகரும் இயக்கத்தின் ஆற்றல் மட்டும். கணக்கு எளிது: வாயுவில் ஒரு மூலக்கூறின் சராசரி இயக்க ஆற்றல், போல்ட்ஸ்மேன் மாறிலியை கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, அதை ஒன்றரையால் பெருக்கினால் கிடைப்பது. அந்த மாறிலியின் மதிப்பு கெல்வினுக்கு 1.380649 × 10⁻²³ ஜூல். முன்பெல்லாம் நீரின் மும்மைப் புள்ளியை (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலையை) வைத்துத்தான் கெல்வினை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் இந்த மாறிலியைத் துல்லியமாக நிர்ணயித்துவிட்டு, அதிலிருந்து கெல்வினை வரையறுக்கிறார்கள். வெப்பநிலை என்றால் ஆற்றல் என்பது அலகின் வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது.

300 கெல்வினில் எந்த வாயுவின் மூலக்கூறாக இருந்தாலும் சராசரி இயக்க ஆற்றல் 6.2 × 10⁻²¹ ஜூல். ஆற்றல் ஒன்றே என்றால், எடை குறைந்தது வேகமாகவும் கனத்தது மெதுவாகவும் ஓடியாக வேண்டும். சராசரி இருமடி மூல வேகம் (வேகங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டது) ஹைட்ரஜனுக்கு நொடிக்கு சுமார் 1,930 மீட்டர், ஹீலியத்துக்கு 1,370, நைட்ரஜனுக்கு 517, ஆக்சிஜனுக்கு 484, கார்பன் டை ஆக்சைடுக்கு 412. ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூன், காற்று ஊதிய பலூனைவிடச் சீக்கிரம் தொய்ந்துபோவதற்கு இந்த வேக வித்தியாசமும் ஒரு காரணம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் செல்சியஸ். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 'இரண்டு மடங்கு சூடு' என்று எழுதிவிடுகிறார்கள். கெல்வினில் அது 293-லிருந்து 313. ஆற்றல் 7 சதவீதம் கூடுகிறது, வேகம் மூன்றரை சதவீதம்தான் கூடுகிறது. வேகம் உண்மையிலேயே இரண்டு மடங்காக வேண்டுமானால் கெல்வின் நான்கு மடங்காக வேண்டும்: 300-லிருந்து 1,200-க்கு, அதாவது 927 டிகிரி செல்சியஸுக்கு. இந்த மூன்றரை சதவீதத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சில பதில்களுக்கு அது தேவைப்படும்.

கேள்வி: நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு 500 மீட்டர் போகிறது என்றால், அறையின் ஒரு மூலையில் வாசனைத் திரவியத்தைத் திறந்ததும் மறு மூலைக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் மணம் வர வேண்டாமா?

பதில்: இதே கேள்வியைத்தான் 1850-களின் இறுதியில் பைஸ் பலாட் என்ற டச்சு வானிலை அறிஞர் கேட்டார். வாயுக்கொள்கையை முன்வைத்த ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸுக்கு அது பெரிய தலைவலி. 1858-இல் அவர் சொன்ன பதில் இன்றும் செல்லும்: வேகம் இருக்கிறது, வழி இல்லை.

சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்குள் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள். ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் முட்டாமல் போகும் சராசரித் தூரம் 70 நானோமீட்டருக்குள்தான். நொடிக்கு 700 கோடி முறை அளவுக்கு முட்டிக்கொண்டு, ஒவ்வொரு முட்டலிலும் திசை மாறித் தள்ளாடுகிறது. இப்படித் தள்ளாடும் நடையில் கடந்த தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம்.

இப்படித் தள்ளாடியே பரவுவதுதான் விரவல்; அதன் வேகத்தைச் சொல்லும் எண் விரவல் கெழு. காற்றில் ஒரு மணப்பொருளின் விரவல் கெழுவை நொடிக்கு 10⁻⁵ சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3 மீட்டர் தள்ளி வந்து சேர ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். நடைமுறையில் ஒரு நிமிடத்திலேயே மூக்குக்கு எட்டிவிடுகிறதே என்பீர்கள். அதைக் கொண்டுவந்தது விரவல் இல்லை, அறைக்குள் ஓடும் காற்றோட்டம். கதவை மூடி மின்விசிறியை நிறுத்திவிட்டாலும் நம் உடல் சூட்டிலேயே காற்று மேலெழுந்து ஓடிக்கொண்டிருக்கும். மணம் பரவுவதை விரவலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பாடங்கள் இதை மறைத்துவிடுகின்றன.

கேள்வி: துகள்கள் வேகமாக நகர்ந்தால் சூடு என்கிறீர்கள். அப்படியானால் வேகமாக வீசும் காற்று சுட வேண்டும். ஏன் குளிர்கிறது? ஓடும் ரயிலுக்குள் இருக்கும் தண்ணீர் ஏன் சூடாவதில்லை?

பதில்: வெப்பநிலையில் சேர்வது ஒழுங்கற்ற ஆட்டம் மட்டுமே. கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த வேகத்தைக் கழித்துவிட்டு, மீதி உள்ள ஆட்டத்தைத்தான் எண்ண வேண்டும். ரயிலுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் எல்லாமே ஒரே திசையில் கூடுதலாக நகர்கின்றன. ஒன்றுக்கொன்று பார்த்தால் எதுவும் மாறவில்லை.

ஆனால் அந்த ஒழுங்கான ஓட்டத்தை எதிலாவது மோதி நிறுத்தினால், அது ஒழுங்கற்ற ஆட்டமாக உடைந்து சூடாகும். எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம்: வேகத்தின் வர்க்கத்தை, காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறனின் (ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூலின்) இரண்டு மடங்கால் (சுமார் 2,010) வகுக்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு 0.05 டிகிரி. யாருக்கும் தெரியாது. நொடிக்கு 250 மீட்டரில் பறக்கும் விமானத்தின் மூக்கில் காற்று நிற்கும்போது 31 டிகிரி. அதனால்தான் விமானத்தின் வெளிவெப்பநிலை உணரி காட்டும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேகத்துக்கான திருத்தம் போட வேண்டும்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதே இல்லை. மூடிய அறையில் 75 வாட் மின்விசிறி, 75 வாட் ஹீட்டராகத்தான் வேலை செய்கிறது. தோலை ஒட்டி நிற்கும் சூடான, ஈரமான காற்றுப் படலத்தை அது விரட்டுகிறது. வியர்வை வேகமாக ஆவியாகிறது. சோதிக்க விரும்பினால் விசிறிக்கு நேரே இரண்டு வெப்பமானிகளை வையுங்கள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கட்டும். மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். முதலாவது அசையாது, இரண்டாவது இறங்கும்.

கேள்வி: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் இரண்டு மடங்காகும் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி மூலக்கூறுகளின் வேகம் ஒன்றிரண்டு சதவீதம்தானே கூடுகிறது? இரண்டில் ஒன்று தப்பு இல்லையா?

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் மிகக் கூர்மையான கேள்வி இது. இரண்டும் சரி.

25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் சராசரி வேகம் 1.7 சதவீதம் கூடுகிறது. மோதல்களின் எண்ணிக்கையும் அந்த அளவுதான் கூடும். 'சூடானால் அதிகம் மோதுகின்றன, அதனால் வினை வேகமாகிறது' என்ற வழக்கமான விளக்கம் இங்கே படுத்துவிடுகிறது. 1.7 சதவீதத்தை வைத்துக்கொண்டு 100 சதவீதத்தை விளக்க முடியாது.

நடப்பது வேறு. எல்லா மூலக்கூறுகளும் சராசரி வேகத்தில் ஓடுவதில்லை. சில ஊர்கின்றன, பெரும்பாலானவை நடுவில் இருக்கின்றன, மிகச் சில மட்டும் சராசரியைப் போல பல மடங்கு ஆற்றலோடு பாய்கின்றன. இந்தப் பங்கீட்டை மேக்ஸ்வெல் 1860-இல் வகுத்தார். வரைபடமாகப் போட்டால் வலது பக்கம் நீண்டு மெலிந்துகொண்டே போகும் ஒரு வால் தெரியும். பெரும்பாலான வினைகளைச் செய்வது அந்த வால்தான். வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். மோலுக்கு 53 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் கொண்ட ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் ஏறக்குறைய 200 கோடி மோதல்களில் ஒன்றுதான் அந்த வாசலைத் தாண்டும். 35 டிகிரியில் 100 கோடியில் ஒன்று தாண்டும். சராசரி கொஞ்சம் நகர்ந்ததுமே வால் இரண்டு மடங்கு தடித்துவிட்டது. வினையும் இரண்டு மடங்கு.

'பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு' என்பது இயற்கை விதி இல்லை. கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூலுக்குப் பக்கத்தில் இருக்கும் வினைகளுக்குப் பொருந்தும் கைக்கணக்கு. 30 கிலோஜூல் வினை அதே 10 டிகிரிக்கு ஒன்றரை மடங்குதான் கூடும். 100 கிலோஜூல் வினை 3.7 மடங்கு கூடும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்குகிறவர்கள் ஆய்வகத்தில் தவறுவது இங்கேதான். நொதிகள் வேலை செய்யும் வினைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் சூடு நொதியின் மடிப்பையே குலைத்துவிடும். வேகம் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று சரியும்.

குளிர்பதனப் பெட்டி வேலை செய்வதும் இந்த வாலை நறுக்கித்தான். 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்கினால் மூலக்கூறுகளின் வேகம் மூன்றரை சதவீதம்கூடக் குறையாது. ஆனால் மேலே சொன்ன 53 கிலோஜூல் வினை நாலரை மடங்குக்கும் மேல் மந்தமாகிவிடும்.

கேள்வி: நீர் 100 டிகிரியில்தானே கொதிக்கிறது? ஈரத்துணி 30 டிகிரியில் எப்படிக் காய்கிறது?

பதில்: இதுவும் அந்த வாலின் வேலைதான். மேற்பரப்பில் இருக்கும் நீர் மூலக்கூறுகளில் மிக வேகமான சில, பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை உதறிவிட்டு வெளியேறுகின்றன. வேகமானவை போனபின் மிச்சம் இருப்பவற்றின் சராசரி குறைகிறது. துணி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் வந்து அந்த இழப்பை ஈடுகட்ட, மறுபடி சில வெளியேறுகின்றன. 30 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,430 ஜூல் வேண்டும்.

காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால், வெளியேறுவதும் உள்ளே திரும்புவதும் சமமாகிவிடும். துணி காயாது. கொதித்தல் என்பது, ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதால் நீருக்குள்ளேயே குமிழ்கள் நிலைக்கத் தொடங்கும் கட்டம். ஆவியாவதற்கு அது நிபந்தனை இல்லை.

கேள்வி: சூடான நீரிலும் குளிர்ந்த நீரிலும் ஒரு சொட்டு நிறமி விட்டு, துகள்களின் இயக்கத்தைக் காட்டும் சோதனையை வகுப்பில் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. சில சமயம் குளிர்ந்த நீரில் வேகமாகப் பரவுகிறது! எங்கே தவறு?

பதில்: சோதனையின் அமைப்பே தவறு. நீருக்குள் நிறமியின் விரவல் கெழு நொடிக்கு 5 × 10⁻¹⁰ சதுர மீட்டர் அளவில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் பரவ ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீங்கள் சில நொடிகளில் பார்ப்பது விரவல் அல்ல, நீரோட்டம். சொட்டு விழுந்த வேகம், ஊற்றியபின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் நீர், நீரைவிடக் கனமான நிறமிக் கரைசல் அடியில் இறங்குவது, சூடான நீரின் மேற்பரப்பு குளிர்ந்து கீழே அமிழ்வது என்று நான்கைந்து விஷயங்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது.

நீரோட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் 1 கிராம் அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) பொடியைக் கலந்து, தெளிவாகும்வரை கொதிக்க வைத்து, இரண்டு ஒரே அளவுச் சோதனைக் குழாய்களில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்த கூழுக்குள் 99 சதவீதம் நீர்தான். மூலக்கூறுகள் ஏறத்தாழ வழக்கம்போல் நகரும், ஆனால் நீர் மொத்தமாக ஓட முடியாது. ஒரு குழாயைக் குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரியிலும், மற்றதை 45 டிகிரி நீர்த்தொட்டியிலும் ஒரு மணி நேரம் வைத்து, கூழ் முழுக்க அந்த வெப்பநிலைக்கு வந்தபின் ஒரே நிறமிக் கரைசலில் 1 மில்லிலிட்டரை இரண்டின்மேலும் விடுங்கள். வாயைப் பிளாஸ்டிக் படலத்தால் மூடுங்கள். 6 மணி, 12 மணி, 24 மணியில் நிறத்தின் முனையைக் குழாயின் வெளியே கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள்.

அகாருக்குப் பதில் ஜெலட்டின் வேண்டாம். 35 டிகிரிக்குள் உருகிவிடும். அகார் 85 டிகிரி அருகில்தான் உருகும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் வேண்டாம். அகாரோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும். மெத்திலீன் நீலம் அகாரில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண உணவு நிறமி போதும்.

முடிவு நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 24 மணியில் கடந்த தூரம், 6 மணியில் கடந்ததைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். நான்கு மடங்கு வந்தால் எங்கேயோ ஓட்டம் இருக்கிறது. பெரும்பாலும் கூழ் குழாய்ச் சுவரைவிட்டு விலகி, அந்த இடுக்கில் நிறம் இறங்கியிருக்கும்.

சூடான குழாயில் நிறம் குளிர்ந்ததைப் போல சுமார் 1.7 மடங்கு தூரம் போயிருக்கும். விரவல் கெழு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பொருள். கெல்வின் கணக்கில் 278-லிருந்து 318-க்கு 14 சதவீதம்தானே உயர்வு என்று மாணவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். திரவத்தில் ஒரு மூலக்கூறு நகர, சுற்றியிருக்கும் கூண்டை உடைத்து வெளியே வர வேண்டும். உடைக்கும் தெம்பு உள்ளவை சிலதான், அவற்றின் எண்ணிக்கை சூட்டோடு மடமடவென்று கூடுகிறது. நீரின் பாகுத்தன்மை 5 டிகிரியில் இருப்பது 45 டிகிரியில் இரண்டரையில் ஒரு பங்காகக் குறைவதும் இதனால்தான்.

கேள்வி: மூலக்கூறுகளின் ஆட்டத்தை வீட்டு நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா? மகரந்தத்தைப் போட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை.

பதில்: மூலக்கூறைப் பார்க்க முடியாது, அது தள்ளிவிடும் சிறு துகளைப் பார்க்கலாம். மகரந்தம் அசையாததற்குக் காரணம் பாடநூல்களில் பரவிவிட்ட ஒரு பிழை. ராபர்ட் பிரௌன் 1827-இல் பார்த்தது மகரந்த மணி ஆடுவதை அல்ல, மணிக்குள்ளிருந்து வந்த மிகச் சிறிய துகள்கள் ஆடுவதை. முழு மகரந்த மணி பல பத்து மைக்ரோமீட்டர் பருமன். எல்லாப் பக்கமும் கோடானுகோடி அடிகள் விழுந்து ஒன்றையொன்று சமன்செய்துவிடும்.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிலிட்டர் நீரில் ஒரு சொட்டுப் பால், அதிலிருந்து ஒரு சிறு துளி கண்ணாடித் தகட்டில். மூடுதகட்டை வைத்து விளிம்புகளை வாசலினால் அடையுங்கள். அடைக்காவிட்டால் விளிம்பில் நீர் ஆவியாகி, உள்ளே ஓட்டம் கிளம்பும். 400 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். ஒளியின் துளையைச் சுருக்கினால் கொழுப்புத் துளிகள் தெளிவாகத் தெரியும். விளக்கின் சூட்டாலும் ஓட்டம் வரும் என்பதால் ஒளியைக் குறைத்து, இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

ஓட்டத்தையும் ஆட்டத்தையும் பிரித்தறிய அடுத்தடுத்த இரண்டு துளிகளைக் கவனியுங்கள். சேர்ந்தே ஒரு பக்கம் நகர்ந்தால் ஓட்டம். ஒன்று இந்தப் பக்கம் துடித்து மற்றது அந்தப் பக்கம் துடித்தால் பிரௌனியன் இயக்கம். ஒரு மைக்ரோமீட்டர் பருமனுள்ள துளி ஒரு நொடியில், ஏதாவது ஒரு திசையில் அளந்தால், தன் பருமன் அளவுக்கே தள்ளாடும்: சுமார் ஒரு மைக்ரோமீட்டர். 100 நொடியில் 100 அல்ல, 10 மைக்ரோமீட்டர்தான். வர்க்கமூலம் இங்கும் வந்துவிட்டது. இந்தக் கணக்கை ஐன்ஸ்டீன் 1905-இல் போட்டார். அதை அளந்து சரிபார்த்து, மூலக்கூறுகள் இருப்பதை ஐயமறக் காட்டிய ழான் பெரினுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: சாணைச் சக்கரத்திலிருந்து பறக்கும் பொறி 1,000 டிகிரி இருக்குமாமே? கையில் பட்டாலும் சுடுவதில்லை. ஆனால் கொதிநீர் ஒரு சொட்டுப் பட்டால் கொப்பளம்.

பதில்: வெப்பநிலை என்பது தலைக்கு எவ்வளவு ஆற்றல் என்ற சராசரி. உங்கள் தோலுக்கு வந்து சேரும் மொத்த ஆற்றல், தலைகள் எத்தனை என்பதையும் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள இரும்புப் பொறியின் எடை 4 மைக்ரோகிராம். 1,000 டிகிரியிலிருந்து 40-க்குக் குளிர்ந்தால் அது தருவது ஒரு ஜூலில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. 0.05 மில்லிலிட்டர் கொதிநீர்ச் சொட்டு அதே 40-க்குக் குளிரும்போது 12 ஜூலுக்கு மேல் தருகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு. கண்ணுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. சாணை பிடிக்கும்போது கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும்.

இதையே பெரிதாக்கினால் மேல்வளிமண்டலம். 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரியன் முனைப்பாக இருக்கும் காலத்தில், வாயுவின் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருப்பவை பத்துக் கோடி அளவிலான துகள்களே. அங்கே ஒரு வெப்பமானியை நீட்டினால் அது வாயுவின் வெப்பநிலையைக் காட்டாது. சூரிய ஒளியில் வாங்குவதற்கும் கதிர்வீச்சாக இழப்பதற்கும் இடையே தனக்கென ஒரு வெப்பநிலையில் நிற்கும். தரையிலும் இந்தப் பிழை உண்டு. வெயிலில் வைத்த வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலையை அல்ல, வெயிலில் காய்ந்த வெப்பமானியின் வெப்பநிலையை. நிழலும் காற்றோட்டமும் கட்டாயம்.

கேள்வி: சைக்கிள் பம்பு சூடாவது உராய்வினால்தானே?

பதில்: உராய்வுக்குச் சிறு பங்குதான். பம்பின் வாயை எதனோடும் இணைக்காமல் திறந்துவைத்து அதே வேகத்தில் ஐம்பது முறை அடியுங்கள்; பிறகு டயரோடு இணைத்து ஐம்பது முறை அடியுங்கள். உராய்வு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவது முறை பம்பின் அடிப்பகுதி சுடும்.

உள்ளே வரும் உந்துதண்டின்மேல் மோதும் மூலக்கூறு, வந்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தோடு திரும்பும். எதிரே வரும் மட்டையில் பட்ட பந்து மாதிரி. தண்டு நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் கூடுதல் ஒரு மீட்டர்தான். 500-க்கு முன் ஒன்று என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் தண்டின் முகத்தில் ஒவ்வொரு கணமும் எண்ணற்ற மோதல்கள். அங்கே வாங்கியதை மூலக்கூறுகள் தங்களுக்குள் மோதி உள்ளே அனுப்பிவிடுகின்றன. வெப்பம் வெளியே கசிய நேரம் தராமல் காற்றைப் பாதிக் கன அளவுக்கு அழுத்தினால் 27 டிகிரி, கணக்குப்படி 123 ஆகும். பதினெட்டில் ஒரு பங்காக அழுத்தினால் 680. டீசல் என்ஜினில் தீப்பொறிக்கு பிளக் இல்லாததன் ரகசியம் அதுதான். என்ஜின் சுவரிலும் பம்பின் குழாயிலும் வெப்பம் கசிவதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு.

திருப்பிப் போட்டால், விரிந்து தண்டைத் தள்ளும் வாயு குளிரும். ஆனால் வெற்றிடத்துக்குள் சும்மா விரிந்தால்? பின்வாங்கும் சுவர் இல்லை, மூலக்கூறுகள் வேகத்தை யாரிடமும் இழக்கவில்லை. 1845-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் இரண்டு செப்புக் கலங்களை வைத்து இதைச் சோதித்தார். அவரால் வெப்பநிலை மாற்றம் எதையும் காண முடியவில்லை. 'வாயு விரிந்தால் குளிரும்' என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. எதைத் தள்ளிக்கொண்டு விரிகிறது என்று கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரே அறையில் இருக்கும் இரும்புக் கதவு மரக்கதவைவிடக் குளிர்ச்சியாக இருப்பது ஏன்?

பதில்: இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். விரல் உணர்வது வெப்பம் எவ்வளவு விரைவாகக் கையைவிட்டுப் போகிறது என்பதை. எஃகு, மரத்தைப் போல சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அறை வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 33, 34 டிகிரியை எட்டும்போது தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் மறைந்துவிடும். அதற்கும் மேலே போனால் இரும்புதான் அதிகம் சுடும்.

கேள்வி: உலோகம் சூடானால் விரிவது, அணுக்கள் பெரிதாவதாலா? அல்லது அதிகம் அதிர்வதாலா?

பதில்: அணுக்கள் பெரிதாவதில்லை. அதிகம் அதிர்வதும் தனியாகப் போதாது. ஊசல் எவ்வளவு வீசி ஆடினாலும் அதன் நடுப்புள்ளி நகர்வதில்லையே. அணுக்களுக்கிடையே உள்ள விசை ஒருதலைப்பட்சமானது: நெருக்கினால் கடுமையாக எதிர்க்கும், விலக்கினால் மெல்லத்தான் இழுக்கும். அதனால் அதிர்வு கூடும்போது நடுப்புள்ளி வெளிப்பக்கம் நகர்கிறது. ஒரு மீட்டர் எஃகுத் தண்டை 100 டிகிரி சூடாக்கினால் நீட்சி சுமார் 1.2 மில்லிமீட்டர். அதிர்வின் வீச்சு அணுக்களின் இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்தால் உருகத் தொடங்கும் என்பது 1910-இல் லிண்டமன் கொடுத்த கைக்கணக்கு.

உருகும்போது வெப்பநிலை ஏறாமல் நிற்பதையும் ஒருவர் கேட்டிருந்தார். அப்போது கொடுக்கும் ஆற்றல் ஆட்டத்தைக் கூட்டப் போகாமல் கட்டை அவிழ்க்கப் போகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல். அதே ஆற்றல், உருகிய நீரை 80 டிகிரிவரை சூடாக்கிவிடும்.

கேள்வி: தனிச்சுழி வெப்பநிலையில் எல்லாத் துகள்களும் அசையாமல் நின்றுவிடுமா? யாராவது அதை எட்டியிருக்கிறார்களா?

பதில்: தனிச்சுழி −273.15 டிகிரி செல்சியஸ். பழைய வாயுக்கொள்கையின்படி அங்கே ஆற்றல் பூச்சியம், ஆட்டமும் இல்லை. குவாண்டம் இயற்பியலின்படி எடுக்கவே முடியாத ஒரு மிச்ச ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். அதற்குச் சாட்சி ஹீலியம். 4.2 கெல்வினில் திரவமாகும் அது, சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறைவதில்லை. அந்த மிச்ச ஆட்டமே அதன் எடை குறைந்த அணுக்களை ஓரிடத்தில் உட்காரவிடாது. உறைய வைக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் கொடுக்க வேண்டும்.

தனிச்சுழியை யாரும் எட்டவில்லை. எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் எட்ட முடியாது என்கிறது வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி. மிக அருகே போயிருக்கிறார்கள். 1995-இல் கொலராடோவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ரூபிடியம்-87 அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் கொண்டுபோனார்கள். சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் தொடங்கிவைத்து ஐன்ஸ்டீன் நீட்டிய கணக்கு முன்னறிவித்த செறிபொருள் (அணுக்கள் திரளாக ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்திருக்கும் பொருள்நிலை), அன்று முதன்முதலில் வாயுவில் உருவானது. அறை வெப்பநிலையில் நொடிக்கு 290 மீட்டர் ஓடும் ரூபிடியம் அணு, 170 நானோகெல்வினில் நொடிக்கு 7 மில்லிமீட்டர்தான் நகரும்.

அதற்கு முதலில் லேசர். அணுவுக்கு எதிரே வரும் ஒளியின் உந்தம் அதன் வேகத்தை அடி அடியாகக் குறைக்கும். ஆனால் அந்த வழியில் அங்கே போய்ச் சேர முடியாது. ஒளியை விழுங்கி உமிழும்போது அணு வாங்கும் உதை மிஞ்சிவிடும். கடைசிக் கட்டத்துக்கு அவர்கள் எடுத்தது ஈரத்துணியின் வழி. காந்தக் கிண்ணத்துக்குள் அணுக்களைப் பிடித்துவைத்து, ரேடியோ அலையால் கிண்ணத்தின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார்கள். வேகமான அணுக்கள் வழிந்து வெளியேறின. மிஞ்சியவை தங்களுக்குள் மோதிப் புதிய, தாழ்ந்த சராசரிக்கு வந்தன. விளிம்பை அவசரப்பட்டுத் தாழ்த்தினால் மோதிச் சமனாக நேரமில்லாமல் அணுக்கள்தான் வீணாகும். மிக மெதுவாகத் தாழ்த்தினால் கிண்ணத்துக்குள் மிச்சமிருக்கும் பிற வாயு மூலக்கூறுகள் வந்து முட்டி, குளிர்ந்த அணுக்களை வெளியே தட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் கடைசியில் காப்பாற்றியவை சில ஆயிரம் அணுக்கள்.